மேலே ஏறிய ஆயில் கீழே வந்ததா? சிலிண்டர் ஹெட் கேள்வி-பதில்

இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன: ஹெட்டுக்கு, அதாவது வால்வுகள் இருக்கும் எஞ்சினின் மேல்பகுதிக்கு, போகும் ஆயிலை எவ்வளவு குறைக்கலாம்? பதில் சொல்கிறேன். ஆனால் மேலே போனது எப்படி இறங்குகிறது என்று கேட்டவர்கள் குறைவு. எனக்கு அதுதான் கவலை.

கேள்வி: நிசான் ஆர்.பி.26 எஞ்சின். ட்ராக்கில் சில சுற்று வேகமாக ஓட்டியதும் கேட்ச் கேன் (எஞ்சின் வாயுவோடு வெளியேறும் ஆயிலைப் பிடிக்கும் டப்பா) நிறைந்துவிடுகிறது, ஆயில் பிரஷரும் இறங்குகிறது. ஹெட்டுக்குப் போகும் இரண்டு வழிகளில் ஒன்றை அடைத்து, மற்றதில் 1.5 மி.மீ. ரெஸ்ட்ரிக்டர் (ஆயில் வழியைக் குறுக்கும் சிறு துளை அடைப்பான்) போடச் சொல்கிறார்கள். போடலாமா சார்?

பதில்: போடலாம். இதில் இருப்பது ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து இடைவெளி சரிசெய்யும் சாலிட் லிஃப்டர் (வால்வைத் தள்ளும் பாகம்; வேலை செய்ய ஆயில் பிரஷர் தேவையில்லை). கேம் ஜர்னல்களுக்கு (கேம்ஷாஃப்ட் தாங்கியில் உட்கார்ந்து சுழலும் பகுதிகள்) வேண்டியதை ஒரு வழியே கொடுத்துவிடும். ஆனால் அதைப் போட்டதோடு ஹெட்டை மூடிவிடாதீர்கள்.

முதலில் பிரஷர் எப்போது இறங்குகிறது என்று, ஓட்டும்போது அளவுகளைப் பதிவு செய்யும் லாகரில் பாருங்கள். நீண்ட வளைவில் மட்டும் சட்டென்று விழுந்து, நேர்ச் சாலையில் மீண்டால், சம்பில் (எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) ஆயிலை உறிஞ்சும் பிக்கப் குழாய் காற்றை இழுக்கிறது. 1 ஜி (புவியீர்ப்புக்குச் சமமான) பக்கவாட்டு விசையில் திரும்பும்போது ஆயிலின் மட்டம் 45 டிகிரி சாய்ந்துவிடும். அதற்கு மருந்து சம்ப் தடுப்புத் தகடுகள், ரெஸ்ட்ரிக்டர் அல்ல. சுற்றுக்குச் சுற்று மெதுவாகக் குறைந்தால் ஆயில் சூடேறி நீர்த்துப் போகிறது; கூலரைப் பாருங்கள். அதிக ஆர்.பி.எம்மில் தொடர்ந்து ஓட்டும்போது சரிந்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து சற்று நேரம் ஐடிலில் விட்டதும் சரியானால், ஆயில் மேலே தேங்குகிறது. கேட்ச் கேனும் நிறைகிறது என்பதால் உங்களுக்கு இந்த மூன்றாவதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஏன் தேங்குகிறது? பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வரும் ப்ளோ-பை வாயு கிராங்க் கேஸிலிருந்து (கிராங்க்ஷாஃப்ட் சுழலும் அடிப்பகுதி) வெளியேற மேலே ஏறியாக வேண்டும். அது ஏறுவதும் ஆயில் இறங்குவதும் ஒரே துளைகளில். குறுகிய வாய்க் குடத்தைக் கவிழ்த்தால் தண்ணீர் திக்கித் திக்கி விழுமே, அதே கதை. டர்போ பூஸ்ட்டை ஏற்றினால் வாயுவும் கூடும், திக்கலும் கூடும். எனவே லீக்-டவுன் சோதனை (சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது) செய்து ரிங்குகளின் நிலையைப் பாருங்கள். டிப்ஸ்டிக் குழாயில் ஒரு பிரஷர் சென்சாரை மாட்டி முழு லோடில் கிராங்க் கேஸ் பிரஷரை அளந்துவிடுங்கள். இந்த ஓர் அளவு பல ஊகங்களை மிச்சப்படுத்தும்.

அப்புறம் துளைகள். ஹெட்டிலும் பிளாக்கிலும் ஆயில் இறங்கும் வழிகளில் வார்ப்புப் பிசிறு நிறைய இருக்கும். அவற்றைத் தேய்த்து எடுங்கள், மேல் விளிம்பைச் சரிவாக்குங்கள். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே வைக்கும் கேஸ்கெட்டின் சீலிங் வளையம் உட்காரும் இடத்தை மட்டும் தொட வேண்டாம். புதிய கேஸ்கெட்டை வைத்துப் பார்த்து, அதன் துளை இந்த வழிகளை மறைக்கவில்லை என்று உறுதி செய்யுங்கள். பெரிதாக்கிய துளையைக் கேஸ்கெட்டே பாதி மூடியிருப்பது பலர் கவனிக்காத விஷயம்.

கேள்வி: என்னிடம் இருப்பது நிசான் ஸ்கைலைன் ஆர்33 காரின் ஆர்.பி.25 எஞ்சின். இதற்கும் அதே அளவா? 1 மி.மீ. வரை போகலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் எஞ்சினில் ஹைட்ராலிக் லிஃப்டர். ஆயில் பிரஷரில்தான் அது வேலையே செய்கிறது. அளவு சின்னதாகத் தெரிந்தாலும் கணக்கு விட்டத்தில் இல்லை, பரப்பில் இருக்கிறது. 1.5 மி.மீ.யிலிருந்து 1 மி.மீ.க்குப் போனால் பரப்பு 44 சதவீதம்தான் மிஞ்சும். ஐடிலில், சூடான ஆயிலில், லிஃப்டர் தட்ட ஆரம்பித்துவிடும். பின்னால் வந்த நியோ வகையில் சாலிட் லிஃப்டர் என்பதால் அங்கே கதை வேறு.

கேள்வி: ஹெட்டின் பின்பக்கத்திலிருந்து சம்புக்கு வெளியே ஒரு டிரெய்ன் குழாய் போடுகிறேன். சம்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே இணைப்பதா, கீழேயா?

பதில்: மேலே. கீழே இணைத்தால் வாயு அந்தக் குழாயில் ஏற முடியாது, ஆயில் மட்டும் வரும் என்பது ஒரு வாதம். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கிராங்க் கேஸில் பிரஷர் ஹெட்டைவிட 1 பி.எஸ்.ஐ. கூடினாலே, அதை எதிர்த்து இறங்க ஏறக்குறைய 80 செ.மீ. உயர ஆயில் தூண் வேண்டும். எஞ்சினில் அவ்வளவு உயரம் ஏது? மட்டத்துக்கு மேலே இணைத்தால் அதே குழாய் இரண்டு பக்கமும் பிரஷரைச் சமமாக்கும். மற்ற துளைகளில் ஆயில் தாராளமாக இறங்கும். உள்விட்டம் 16 மி.மீ.க்குக் குறையக் கூடாது, நடுவில் தொங்கி வளையவும் கூடாது. கிராங்க்ஷாஃப்ட் ஆயிலை வீசியடிக்கும் பக்கத்தில் வாயைத் திறக்காதீர்கள். எஞ்சினை நீளவாக்கில் பொருத்திய கார் முடுக்கும்போது ஆயில் பின்னால் ஓடும், ஆகவே பின்பக்கம் என்ற உங்கள் தேர்வு சரி.

கேள்வி: ஹை-வால்யூம் பம்ப் போட்டால் தீருமா?

பதில்: இறங்கும் வழி சரியில்லாத எஞ்சினில் அது சம்பை இன்னும் சீக்கிரம் காலி செய்யும்.

கேள்வி: செவர்லே ஸ்மால் பிளாக், சாலிட் ரோலர் லிஃப்டர். லிஃப்டர் கேலரிகளில் (லிஃப்டருக்கு ஆயில் போகும் உள்வழிகள்) ரெஸ்ட்ரிக்டர் போட்டால் கிராங்க்ஷாஃப்ட்டைத் தாங்கும் மெயின் பேரிங்குக்கு ஆயில் மிஞ்சும் என்கிறார்கள்.

பதில்: சாலையிலும் ஓடும் எஞ்சின் என்றால் நான் போட மாட்டேன். புஷ்ராட் கம்பி வழியாக ஏறும் ஆயில் வால்வைத் திறக்கும் ராக்கருக்கு மட்டுமல்ல, வால்வு ஸ்பிரிங்கைக் குளிர்விப்பதும் அதுதான். கடினமான ஸ்பிரிங் வேகமாகச் சுருங்கி விரியும்போது நிறையச் சூடாகும், சூடேறினால் பலம் இழக்கும். ஐடிலில் லிஃப்டரின் நீடில் பேரிங்குக்கும் ஆயில் குறையும். மெயின் பேரிங் பற்றிய பயம் நியாயமானது. அதற்கு பேரிங் கிளியரன்ஸையும் சம்பையும் முதலில் சரிபாருங்கள்.

கேள்வி: எல்லாம் பூட்டிய பிறகு ஆயில் ஒழுங்காக ஏறுகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: வால்வு கவரை மாட்டும் முன் பாருங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்து, பிரஷர் கேஜில் முள் எழும் வரை ஸ்டார்ட்டரால் விட்டுவிட்டுச் சுற்றுங்கள். ஒவ்வொரு கேம் ஜர்னலிலும் ஆயில் கசிந்து வர வேண்டும். ஒன்று மட்டும் உலர்ந்திருந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். கேஸ்கெட் துளை பொருந்தாமல் இருக்கலாம், கழுவும்போது கேலரியில் தங்கிய தூசாகவும் இருக்கலாம். பிறகு அரை லிட்டர் ஆயிலை ஹெட்டில் ஊற்றி, அது எவ்வளவு சீக்கிரம் வடிகிறது என்று பாருங்கள். எந்த மூலையில் குளமாக நிற்கிறதோ, தேய்க்க வேண்டிய துளை அங்கே இருக்கிறது.