வீட்டுத் தோட்டத்தில் சின்னக் குளம் வெட்டினால் தவளை வருமா, நுளம்பு வருமா?

இலங்கை மலைநாட்டில் வீட்டோடு இருக்கும் சின்னத் துண்டு நிலத்தில், தவளையும் தும்பியும் வந்து தங்குகிற மாதிரி ஒரு குளம் வெட்டலாமா, மீன் விட வேண்டுமா, நுளம்பு பெருகாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக வெட்டலாம். எங்கள் வீடு பண்டாரவளைப் பக்கம். பின்பக்கம் ஆறடிக்கு நாலடியில் ஒன்று இருக்கிறது. மீன் மட்டும் விடாதீர்கள். கப்பியும் தங்கமீனும் நுளம்புக் குடம்பியைத் தின்னும், சரி. தவளை முட்டையையும் வாற்பேயையும் சேர்த்துத்தான் தின்னும். மீன் வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஒரு தொட்டி கட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் இடம். நம் பக்கம் பாதி வீடுகள் மேட்டை வெட்டித்தான் கட்டியிருக்கின்றன. பின்னால் நிற்கும் மண்மேட்டுக்கு மேலேயோ அதன் விளிம்பிலோ குளம் வெட்டவே கூடாது. பொலித்தீன் எங்காவது கிழிந்து தண்ணீர் உள்ளே இறங்கினால் நமக்குத் தெரியாது, மண்ணுக்குத் தெரியும். 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை யாரும் மறந்திருக்க மாட்டோம். நிலத்திலோ சுவரிலோ வெடிப்பு இருந்தாலோ, உங்கள் இடம் மண்சரிவு அபாய வலயம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லியிருந்தாலோ குளத்தை மறந்துவிடுங்கள். ஒரு பழைய பேசினைச் சமதரையில் வைத்து, உள்ளே ஏறி இறங்கக் கல் அடுக்கினால் போதும். மற்றவர்கள் சமதரையில் வெட்டி, நிரம்பி வழிகிற தண்ணீர் நேரே கானுக்குப் போகிற மாதிரி ஒரு வாய் விடுங்கள்.

மரக்கறிப் பாத்திக்குக் கீழேயும் வேண்டாம். உரம் கழுவி வந்தால் தண்ணீர் பச்சைப் பாசியாகிவிடும். மருந்து வந்தால் தவளை தோலாலேயே அதை இழுத்துக்கொள்ளும். டர்பன்டைன் (யூக்கலிப்டஸ்) மரத்தடியும் சரிவராது.

நடுவில் ஒன்றரை, இரண்டு அடி ஆழம் போதும். ஒரு பக்கமாவது படிப்படியாகச் சரிந்து வர வேண்டும். குருவி குளிப்பதும் தவளைக் குஞ்சு ஏறி வருவதும் அந்தப் பக்கம்தான். அடியில் கல் பொறுக்கி, பழைய உரப்பை விரித்து, மேலே தடித்த கறுப்புப் பொலித்தீன். மழைத் தண்ணீர் நல்லது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒன்றிரண்டு நாள் நிற்க விடுங்கள். ஓரத்தில் சேம்பும் வல்லாரையும் வையுங்கள், வல்லாரை சம்பலுக்கும் ஆகும். ஆகாயத்தாமரை அழகாக இருக்கிறதென்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். அதை அடக்கவே இந்த நாட்டில் 1909இல் ஒரு சட்டம் போட்டார்கள்.

அடுத்தது நுளம்பு. டெங்கு நுளம்புக்குப் பிடித்தது யோகட் கோப்பை, டயர், சிரட்டை, அடைத்த கூரைப் பீலி. முட்டை பறக்கிற நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் ஆகும். பழகிய குளத்தில் தும்பியின் குடம்பி அதற்குள் வேலையை முடித்துவிடும். சேம்புத் தண்டில், முதுகு பிளந்த காய்ந்த தோல் ஒன்று நகத்தால் பற்றியபடி ஒட்டியிருந்தால், அதிலிருந்து தும்பி பறந்துவிட்டது என்று அர்த்தம். புதுக் குளத்தில்தான் கவனம்: தும்பி குடியேறும் வரை இரண்டு நாளைக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து, நெளிவதைத் தேத்தண்ணி வடியால் அள்ளிக் கொட்டுங்கள். நுளம்பு பெருக இடம் கொடுத்தால் 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்குப் போடலாம்; பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் குளத்தை நீங்களே காட்டிவிடுவது நல்லது.

தவளை விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நம் மலைக்கே உரிய சின்னப் புதர்த்தவளைகளில் பெரும்பாலானவற்றுக்குக் குளமே தேவையில்லை. அவற்றுக்கு வாற்பேய்ப் பருவம் கிடையாது. ஈர மண்ணைக் கிளறி முட்டையிடும், சில இலையின் அடியில் ஒட்டும். குட்டித் தவளையாகவே வெளியே வரும். ஆகவே குளத்தைச் சுற்றிக் கூட்டிப் பெருக்காமல் சருகைக் கிடக்க விடுங்கள், பாதித் தவளை அதற்காகவே வரும். குளத்தைத் தேடி வருவது தேரையும், தண்ணீருக்கு மேலே தொங்கும் இலையில் நுரைக்கூடு கட்டும் மரத்தவளையும். அந்த நுரையைப் பார்த்துவிட்டு எச்சில் என்று நினைத்துக் கழுவிவிடாதீர்கள். சில நாளில் வாற்பேய்கள் அதிலிருந்து நேரே தண்ணீரில் விழும். எங்கிருந்தும் தவளை பிடித்து வந்து விடவும் வேண்டாம், தானாக வரும்.

தவளை வந்தால் பாம்பும் வரும், பெரும்பாலும் சாரைதான். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடென்றால் பாம்பைவிடத் தண்ணீர்தான் பயம். சுற்றி வேலி போடாமல் நிரப்பாதீர்கள்.

ஊவாப் பக்கம் என்றால் கச்சான் காற்று ஓய்ந்து, செப்டெம்பர் கடைசியில் வெட்டுங்கள், ஒக்டோபர் மழை நிரப்பிவிடும். ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மார்ச்சில் வெட்டினால் ஏப்ரல் மழைக்குத் தயாராகிவிடும்.