முதல் முறை வருமான வரி ரிட்டர்ன் போடுகிறேன். இரண்டு கம்பெனிச் சம்பளம், ஏற்காட்டில் கொஞ்சம் காப்பி. எங்கிருந்து ஆரம்பிப்பது?

இது 2025 ஆகஸ்டில் எழுதியது, 2024-25 நிதியாண்டுக் கணக்கு. நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். சேலத்தில் வேலை, 2024 ஆகஸ்டோடு ஒரு கம்பெனியை விட்டு செப்டம்பரில் இன்னொன்றில் சேர்ந்தீர்கள். முதல் கம்பெனியில் 2,70,000, அடுத்ததில் 5,50,000 சம்பளம். எஃப்டி வட்டி 20,000. ஏற்காட்டில் தாத்தா உங்கள் பேருக்கு எழுதிக் கொடுத்த காப்பித் தோட்டத்தில் பழம் விற்றது 2,00,000, செலவு 60,000. இரண்டு கம்பெனியிலும் ஒரு ரூபாய் கூட டிடிஎஸ் (பணம் கொடுப்பவரே முன்கூட்டிப் பிடிக்கும் வரி) பிடிக்கவில்லை, அதனால் வரி இல்லைதானே, தெரிந்த ஒருவர் 1,500 ரூபாய் கொடுத்தால் எல்லாவற்றையும் ஜீரோவாகப் போட்டுத் தருகிறேன் என்கிறார், கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வரி இருக்கிறது. அவரிடம் கொடுக்க வேண்டாம். நான் ஆடிட்டர் இல்லை, ஒரு தறிக் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன், சொந்தக்காரர்கள், கூட வேலை செய்கிறவர்கள் ரிட்டர்னை வருஷா வருஷம் உட்கார்ந்து போட்டுக் கொடுக்கிறேன். உங்கள் மாதிரி கணக்கு அடிக்கடி வரும்.

டிடிஎஸ் ஏன் பிடிக்கவில்லை என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள், மீதி எல்லாம் அதில் இருந்துதான் வருகிறது. முதல் கம்பெனி தான் கொடுத்த 2,70,000-ஐ மட்டும் பார்த்தது. இரண்டாவது கம்பெனி 5,50,000-ல் நிலைக்கழிவு (சம்பளக்காரர்களுக்குப் பொதுவாகக் கிடைக்கும் கழிவு) 75,000-ஐக் கழித்து, 4,75,000 என்றால் 7 லட்சத்துக்குள்தானே, வரி முழுக்கத் தள்ளுபடி என்று விட்டுவிட்டது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு பேர் கணக்கும் சரி. ஆனால் நீங்கள் ஒரே ஆள், உங்களுக்கு விலக்கு வரம்பும் ஒன்றுதான், நிலைக்கழிவும் ஒரு தடவைதான். புதிதாகச் சேரும்போது பழைய சம்பள விவரத்தைப் படிவம் 12பி-யில் கொடுத்திருந்தால் இரண்டாவது கம்பெனியே சேர்த்துக் கணக்குப் போட்டுப் பிடித்திருக்கும். இப்போது மொத்தமாக நீங்களே கட்ட வேண்டும்.

சேர்த்துப் பார்க்கலாம். சம்பளம் 8,20,000, நிலைக்கழிவு போக 7,45,000, எஃப்டி வட்டி 20,000 சேர்த்தால் 7,65,000. 2024-25 நிதியாண்டுக்குப் புதிய முறையில் (கழிவுகள் குறைவு, வரி வீதமும் குறைவு) முதல் 3 லட்சத்துக்கு வரி இல்லை, 3 முதல் 7 வரை 5 சதவீதம், 7 முதல் 10 வரை 10 சதவீதம். 7 லட்சத்தைத் தாண்டிவிட்டதால் தள்ளுபடி கிடையாது, ஆக 20,000 + 6,500 = 26,500. "12 லட்சம் வரை வரி இல்லை என்று பட்ஜெட்டில் சொன்னார்களே" என்று எல்லாரும் கேட்கிறார்கள். அது 2025 ஏப்ரல் முதல் வரும் வருமானத்துக்கு. இப்போது போடுவது அதற்கு முந்தின வருஷத்துக்கான ரிட்டர்ன், இதில் வரம்பு 7 லட்சம்தான். பழைய முறையும் உங்களுக்கு ஒத்துவராது, பிஎஃப், எல்ஐசி என்று 1,50,000 முழுசாகக் காட்டினாலும் வரி 40,000-க்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

சரி, காப்பிக்கு வருவோம். மேலே ஏற்காட்டில் தோட்டம் வைத்திருக்கிற பாதிப்பேர் "விவசாய வருமானத்துக்கு வரி இல்லை, காட்டவே தேவையில்லை" என்றுதான் இருக்கிறார்கள். முதல் பாதி சரி, இரண்டாவது பாதி தப்பு. பழமாகவோ, தோலை எடுத்துக் காயவைத்துப் பார்ச்மென்டாகவோ விற்றால் முழுக்க விவசாய வருமானம். சில்வர் ஓக்கில் ஏற்றிவிட்ட மிளகை விற்றாலும் அப்படித்தான். அதே காப்பியை நீங்களே க்யூரிங் செய்து (உமியை நீக்கித் தரம் பிரித்து) கொட்டையாக விற்றால் லாபத்தில் 25 சதவீதம் தொழில் வருமானம் ஆகிவிடும், வறுத்து அரைத்துத் தூளாக விற்றால் 40 சதவீதம். இப்போது மலையில் நிறையப் பேர் பாக்கெட் போட்டு ஆன்லைனில் விற்கிறார்கள், அவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தோட்டத்து வீட்டை ஹோம்ஸ்டேயாக விட்டு வருகிற காசுக்கும் விவசாயத்துக்கும் சம்பந்தமே கிடையாது.

உங்களுடையது பழம், அதனால் 1,40,000-க்கு நேரடியாக வரி இல்லை. ஆனால் அது 5,000-க்கு மேல் இருப்பதாலும், மற்ற வருமானம் விலக்கு வரம்பைத் தாண்டியதாலும், வரி வீதம் பார்க்க மட்டும் அதைச் சேர்ப்பார்கள். 7,65,000-உம் 1,40,000-உம் சேர்ந்து 9,05,000. இதற்கு வரி 40,500. அப்புறம் விலக்கு வரம்பான 3,00,000-உடன் 1,40,000-ஐச் சேர்த்து 4,40,000-க்கு வரி பார்த்தால் 7,000. அதைக் கழித்தால் 33,500, செஸ் (வரியின் மேல் போடும் கூடுதல் வரி) 4 சதவீதம் சேர்த்து 34,840 ரூபாய். காப்பியால் கூடுவது 7,280 ரூபாய்தான். இந்தத் தொகைக்காக அதை மறைப்பது எந்த வகையிலும் சரியில்லை. இன்னொரு விஷயம், வியாபாரி போட்ட 2 லட்சம் உங்கள் வங்கிக் கணக்கில் உட்கார்ந்திருக்கிறது, என்ன பணம் என்று நாளைக்குக் கேட்டால் காட்டுவதற்கு ரிட்டர்னில் ஒரு வரி இருப்பது உங்களுக்குத்தான் பாதுகாப்பு. வியாபாரி பில், உரக்கடை பில், பழம் பறித்த கூலி எழுதிய நோட்டு, சிட்டா நகல், இவற்றை ஒரு கவரில் போட்டு வையுங்கள். ரிட்டர்னோடு அனுப்ப வேண்டியதில்லை, கேட்டால் கையில் இருக்க வேண்டும்.

விவசாய வருமானம் 5,000-ஐத் தாண்டியதால் ஐடிஆர்-1 என்ற எளிய ரிட்டர்ன் ஃபார்ம் உங்களுக்கு ஆகாது, ஐடிஆர்-2 போட வேண்டும். அதில் விலக்கு வருமானத்துக்கான ஷெட்யூல் இஐ-யில் மொத்த வரவையும் செலவையும் தனித்தனியாக எழுதினால் இந்தக் கூட்டல் கழித்தலை வருமான வரித் துறையின் இ-ஃபைலிங் தளமே போட்டுவிடும்.

ஃபார்மைத் திறப்பதற்கு முன்னால் இ-ஃபைலிங் தளத்தில் ஏஐஎஸ் (உங்கள் வரவு பற்றித் துறைக்கு வந்த தகவல் பட்டியல்), 26ஏஎஸ் (உங்கள் பேரில் பிடித்த, கட்டிய வரிப் பட்டியல்) இரண்டையும் இறக்கி, இரண்டு கம்பெனி ஃபார்ம் 16 (சம்பளச் சான்று), வங்கி ஸ்டேட்மென்ட் ஆகியவற்றோடு பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாக டிக் அடியுங்கள். உண்மையான வேலை இதுதான், ஃபார்ம் நிரப்புவது அதற்கப்புறம் அரை மணி நேர விஷயம். எஃப்டி வட்டிக்கு டிடிஎஸ் பிடிக்காவிட்டாலும் வங்கி தகவல் கொடுத்திருக்கும், ஏஐஎஸ்ஸில் நிற்கும். சேமிப்புக் கணக்கு வட்டியும் அப்படியே, நீங்கள் அதைச் சொல்லவே இல்லை, பாஸ்புக்கில் பார்த்துச் சேருங்கள். ஏஐஎஸ்ஸில் உங்களுக்குச் சம்பந்தம் இல்லாத வரவு ஏதாவது இருந்தால் அங்கேயே மறுப்புப் பதிவு செய்ய வழி இருக்கிறது. இரண்டு ஃபார்ம் 16-லும் 75,000 கழித்திருப்பார்கள், இரண்டிலும் மொத்தச் சம்பளத்தை எடுத்துக் கூட்டிவிட்டு ஒரே ஒரு தடவை கழியுங்கள். தப்பு அதிகம் நடக்கிற இடம் இது.

ஜீரோ ஆக்கித் தருகிறேன் என்கிறவர் எப்படி ஆக்குவார் என்று யோசியுங்கள். நீங்கள் அம்மாபேட்டையில் அப்பா வீட்டில் இருக்கிறீர்கள். அவர் பழைய முறையைத் தேர்ந்தெடுத்து, கொடுக்காத வாடகை, எடுக்காத மருத்துவக் காப்பீடு, கொடுக்காத நன்கொடை என்று எழுதி அந்த முறையின் தள்ளுபடி வரம்பான 5 லட்சத்துக்குக் கீழே கொண்டுவருவார், வேறு வழியே இல்லை. 2025-ல் வந்த ஃபார்மில் பாலிசி நம்பர், காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் வரை கேட்டார்கள். 2025 ஜூலையில்தான் இப்படிப் பொய்க் கழிவு போட்டுக் கொடுப்பவர்களைக் குறிவைத்துத் துறை நாடு முழுக்கச் சோதனை நடத்தியது, தமிழ்நாட்டிலும் நடந்தது. நோட்டீஸ் வந்தால் உங்கள் பேன் நம்பருக்கு வரும், அவருக்கு வராது. பொய்க் கணக்கு என்று தெரிந்தால் குறைத்துக் கட்டிய வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் போட முடியும், வரியும் வட்டியும் தனி. வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளே ஆன பிள்ளைகள் இந்த 1,500 ரூபாய் வாக்குறுதியில் மாட்டிக்கொள்வதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நல்ல ஆடிட்டரிடம் போவது வேறு, தாராளமாகப் போங்கள், அவர் உங்களிடம் காகிதம் கேட்பார்.

தேதி. வழக்கமாக ஜூலை 31, கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாக் கூட்டத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். 2025-ல் மே மாதமே செப்டம்பர் 15 என்று தள்ளிவிட்டார்கள். அதற்காகக் காத்திருக்காதீர்கள். கட்ட வேண்டிய வரி 10,000-க்கு மேல் இருந்து முன்வரி (வருஷத்துக்குள்ளேயே தவணையாகக் கட்டும் வரி) கட்டாதவர்களுக்கு 234பி பிரிவு வட்டி 2025 ஏப்ரலிலிருந்தே மாதம் 1 சதவீதம் ஓடிக்கொண்டிருக்கிறது, உங்களுக்கு மாதம் ஏறக்குறைய 350 ரூபாய். ரிட்டர்ன் தேதி தள்ளிப் போனதால் இந்த வட்டி நிற்காது, 2025 ஆகஸ்டிலேயே கட்டினால் ஒரு மாத வட்டி மிச்சம். தவணை தவறியதற்கு 234சி வட்டியும் கொஞ்சம் வரும், தளமே கணக்குப் போட்டுக் காட்டும். செப்டம்பர் 15-ஐயும் தவறவிட்டால் 2025 டிசம்பர் 31 வரை போடலாம், ஆனால் உங்கள் வருமானத்துக்குத் தாமதக் கட்டணம் 5,000.

பணம் கட்டும்போது "செல்ஃப் அசெஸ்மென்ட் டாக்ஸ்" என்பதையும், மதிப்பீட்டு ஆண்டு (நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) 2025-26 என்பதையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நிதியாண்டோடு குழப்பி 2024-25 என்று போட்டுவிட்டால் கட்டிய பணம் வேறு வருஷத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், திருத்த அலைய வேண்டும். சலான் (வரி கட்டிய ரசீது) வந்ததும் அதில் உள்ள பிஎஸ்ஆர் கோடு (வங்கிக் கிளை எண்), தேதி, சலான் எண் மூன்றும் ரிட்டர்னில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், ஏறாமல் சமர்ப்பித்தால் வரி பாக்கி என்றே காட்டும். சமர்ப்பித்த கையோடு ஆதார் ஓடிபி போட்டு இ-வெரிஃபை செய்யுங்கள். 30 நாள் அவகாசம் இருக்கிறது, ஆனாலும் அன்றைக்கே முடித்துவிடுங்கள், அது முடியாத வரை ரிட்டர்ன் போட்டதாகவே கணக்கு இல்லை.

அடுத்த நிதியாண்டான 2025-26-க்கு, இதே சம்பளம் தொடர்ந்தால் நீங்கள் 12 லட்சத்துக்குள் இருப்பீர்கள், தள்ளுபடியில் வரி வராது. ஆனாலும் விலக்கு வரம்பான 4 லட்சத்தைத் தாண்டுவதால் ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும். நவம்பரில் பழம் பறிக்க ஆரம்பிக்கும்போதே கூலி நோட்டையும் சேர்த்து ஆரம்பித்துவிடுங்கள்.