ஓடிபி சொல்லிவிட்டார் அப்பா; பணம் போனது போனதுதானா?

கேள்வி: ஓய்வு பெற்ற என் அப்பாவுக்குப் போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை போன் வந்தது. மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுவதாகவும், எங்கள் கம்ப்யூட்டரிலிருந்து வைரஸ் பரவுவதாகவும் சொல்லி தூரத்திலிருந்தே நம் கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க் என்ற மென்பொருளை இறக்க வைத்திருக்கிறார்கள். திரையில் சிவப்பும் மஞ்சளுமாகப் பிழைகளைக் காட்டியதும் பயந்துபோய், கார்டில் 4,999 ரூபாய் கட்டினார். பிறகு ரீஃபண்டு தருவதாகச் சொல்லி நெட்பேங்கிங்கைத் திறக்கச் செய்தார்கள். வந்த ஓடிபியை அப்பா படித்துச் சொல்ல, 12.10-க்கு 1,20,000 ரூபாய் போய்விட்டது. 12.25-க்கு வங்கியின் கஸ்டமர் கேரில் புகார் சொன்னார். அதற்குப் பிறகும் 1.05-க்கு 45,000 போனது. ‘ஓடிபியைக் கொடுத்தது நீங்கள், எங்களுக்குப் பொறுப்பில்லை’ என்று வங்கி எழுதிவிட்டது. சைபர் குற்ற உதவி எண்ணான 1930-இல் புகார் செய்ததில் 38,000 ரூபாய் ஒரு கணக்கில் முடக்கப்பட்டிருக்கிறது. காவல் நிலையத்தில் எஃப்ஐஆர் போட மறுக்கிறார்கள். இப்போது வேறொருவர் கூப்பிட்டு, முழுப் பணத்தையும் மீட்டுத் தருகிறேன் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். மீட்டுத் தருகிறேன் என்பவரிடம் இனி பேசாதீர்கள். ஒருமுறை ஏமாந்தவரின் எண் கைமாறும். அடுத்த போனில் போலீஸ், வக்கீல், ரிசர்வ் வங்கி என்று ஏதாவது வேஷத்தில் வந்து ‘ப்ராசஸிங் கட்டணம்’ கேட்பார்கள். 1930-க்கோ காவல் துறைக்கோ பணத்தை மீட்க நீங்கள் எதுவும் கட்ட வேண்டியதில்லை.

இனி வங்கி விவகாரம். மூன்று தொகையையும் ஒன்றாகக் கூட்டி 1,69,999 ரூபாய் போய்விட்டது என்று வங்கிக்கு நீங்கள் எழுதினீர்கள், ஒரே வரியில் வங்கி மறுத்துவிட்டது. அந்தக் கூட்டலைப் பிரியுங்கள். சட்டத்தின் கண்ணில் இவை மூன்று வெவ்வேறு பரிவர்த்தனைகள்.

அங்கீகாரமற்ற மின்னணுப் பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளரின் பொறுப்பு எவ்வளவு என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-இல் வகுத்த விதி இருக்கிறது. வங்கியின் குறையால் பணம் போனால் இழப்பு முழுக்க வங்கிக்கு. வங்கியிடமும் வாடிக்கையாளரிடமும் தவறில்லாமல் இடையில் வேறெங்கோ ஓட்டை விழுந்து பணம் போய், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்திருந்தாலும் அப்படியே. ரகசியத் தகவலைக் கொடுத்தது போன்ற வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு வாடிக்கையாளருக்கு. வங்கி இதுவரைதான் படித்துக் காட்டும். அதே பத்தியின் அடுத்த வரி, தெரிவித்த பிறகு ஏற்படும் எந்த இழப்பும் வங்கியுடையது என்கிறது.

உங்கள் அப்பா தெரிவித்தது 12.25. மூன்றாவது தொகை போனது 1.05. ஆக, ஓடிபியை அவரே கொடுத்திருந்தாலும் அந்த 45,000 ரூபாயை வங்கிதான் ஏற்க வேண்டும். இதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள். 12.25 அழைப்பைக் காட்டும் போன் பட்டியல், வங்கி தந்த புகார் எண் இரண்டையும் இணையுங்கள். அந்த அழைப்பின் ஒலிப்பதிவை அழிக்காமல் வைக்கும்படியும் கேளுங்கள். பதிவுகள் காலம் கடந்தால் இருக்காது.

1,20,000 கடினம். வாடிக்கையாளருக்குத்தான் பொறுப்பு என்று நிரூபிக்க வேண்டியது வங்கி என்பது அதே விதியில் இருந்தாலும், ஓடிபியைப் படித்துச் சொன்னதை அப்பாவே ஒப்புக்கொள்கிறார். மறைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் கேட்க வேண்டியவை இருக்கின்றன: புதிதாகச் சேர்த்த கணக்குக்கு உடனே இவ்வளவு தொகையை எப்படி விட்டார்கள்? எச்சரிக்கை எஸ்எம்எஸ் எத்தனை மணிக்கு அனுப்பினார்கள்? 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் முன் வந்த ஸ்டேட் பாங்க் வழக்கிலும், கஸ்டமர் கேர் என்று நம்பி ஒருவர் ஆப் இறக்கி 94,000 ரூபாய்க்கு மேல் இழந்திருந்தார். வங்கிதான் பொறுப்பு என்ற குவாஹாட்டி உயர் நீதிமன்றத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தலையிடவில்லை. ஆனால் அவர் ஓடிபியைக் கொடுத்ததாக அங்கே நிரூபணமாகவில்லை. அந்த வித்தியாசத்தை வங்கி தரப்பு விடாது.

4,999 அப்பா தன் கையாலேயே கட்டியது. கார்டு தகராறாக எழுதிக் கேளுங்கள். அதற்காக நீதிமன்றம் ஏற வேண்டாம்.

வங்கி ஏற்கெனவே எழுத்தில் மறுத்துவிட்டதால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) உடனே போகலாம். பதிலே வராதவர்கள்தான் 30 நாள் காத்திருக்க வேண்டும். கட்டணம் இல்லை. வக்கீல் மூலமாகவும் போக முடியாது, ஆகவே எனக்கு இதில் வரும்படி கிடையாது! அங்கே திருப்தி இல்லையென்றால் நுகர்வோர் ஆணையம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இரண்டு கதவையும் ஒரே நேரத்தில் தட்டாதீர்கள். தட்டினால் ஆம்பட்ஸ்மேன் புகாரை ஏற்க மாட்டார்.

எஃப்ஐஆர் போட மறுப்பது சரியல்ல. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பினாலும் போதும், மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும். தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 318(4), 319(2), தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி, 66டி ஆகிய பிரிவுகளைக் குறிப்பிடுங்கள். மறுத்தால் தபாலில் எஸ்பிக்கு, அதன் பிறகு மாஜிஸ்திரேட்டிடம். முடக்கப்பட்ட 38,000 ரூபாயை விடுவிக்க, நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503-ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனுப் போடுங்கள். கையில் வரக்கூடிய பணம் அது, அசட்டையாக விட்டுவிடாதீர்கள்.

கம்ப்யூட்டரைப் பயத்தில் ஃபார்மட் செய்துவிடாதீர்கள். இணைய இணைப்பைத் துண்டித்து அப்படியே வையுங்கள்; பாஸ்வேர்டுகளை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். தனக்கு வந்த இணைப்புகளை எனிடெஸ்க் ஒரு சிறு கோப்பில் எழுதி வைத்திருக்கும். உள்ளே வந்தவரின் எனிடெஸ்க் எண், நாள், நேரம் எல்லாம் அதில் கிடைக்கும். விசாரணை அதிகாரியிடம் கொடுக்கும்போது சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63(4)-இன்படி மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழும் தேவைப்படும்.

அப்பா இதில் குற்றவாளி இல்லை. அவர் வெட்கப்படுவதாக நீங்கள் எழுதவில்லை, ஆனால் இந்த மாதிரி வழக்கில் நான் பார்த்தவர்கள் எல்லோரும் வெட்கப்பட்டார்கள். அவரை உட்கார வைத்து, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் லேப்டாப்பில் ஈவென்ட் வியூவரைத் திறந்து காட்டுங்கள். அதே சிவப்பும் மஞ்சளும் அங்கேயும் இருக்கும். விண்டோஸ் தன் அன்றாடச் சில்லறைத் தடுமாற்றங்களையெல்லாம் எழுதிவைக்கும் குறிப்பேடு அது, வைரஸ் பட்டியல் அல்ல. ‘உங்கள் கம்ப்யூட்டரின் ரகசிய எண்’ என்று நீளமாக ஒன்றை வாசித்துக் காட்டியிருந்தால், அதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தக் கும்பல்கள் வழக்கமாக வாசிக்கும் எண் எல்லா விண்டோஸிலும் ஒன்றேதான். மைக்ரோசாஃப்ட் தானாகக் கூப்பிட்டு ரிப்பேர் செய்வதில்லை, அதன் எச்சரிக்கைத் திரைகளில் போன் நம்பரும் இருக்காது.