ஐந்து பேரும் ஒரே வட்டத்தில் உட்காரலாமா?

கேள்வி: என் கணவருக்கு 44 வயது. பத்து வருடக் குடி. மறுவாழ்வு மையத்தில் ஒரு மாதம் இருந்துவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறார். இனி அவர் ஏ.ஏ. (குடியை விட நினைப்பவர்கள் தங்களுக்குள் நடத்தும் குழு) மீட்டிங்குக்கும், நான் குடும்பத்தினருக்கான குழுவுக்கும், 16 வயது மகளும் 9 வயது மகனும் வேறு வேறு குழுக்களுக்கும் போக வேண்டுமாம். "வீட்டு மானத்தை ஊரார் முன்னால் ஏலம் போடுவதா?" என்கிறார் 70 வயது மாமியார். நாங்கள் ஐந்து பேரும் ஒன்றாக உட்கார்ந்து பேசினால் போதாதா? மகள் யாரிடமும் பேசுவதில்லை. மகன் மறுபடியும் படுக்கையை நனைக்கிறான். குடித்த நேரத்தில் கணவர் என்னிடம் கை நீட்டியதும் உண்டு. எனக்குத் தூக்கமே போய்விட்டது.
- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: அன்புச் சகோதரி, போங்கள். ஐந்து பேருமே போகலாம், ஆனால் தனித்தனியாக. மையத்தில் சொன்னது சரிதான். ஏன் என்று பக்கத்தில் உட்காரவைத்து விளக்கியிருக்க வேண்டும், அதைத்தான் யாரும் செய்யவில்லை என்று தெரிகிறது.

எல்லோரும் ஒரே அறையில் இருந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 'நேற்று சாயங்காலம் டாஸ்மாக் வாசல் வரைக்கும் போய் நின்றேன், அப்புறம் திரும்பி வந்துவிட்டேன்' என்பதை உங்கள் கணவர் யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். உங்கள் முன்னால் சொன்னால் உங்கள் முகம் மாறும், மாமியார் அழுவார், மகள் எழுந்து போய்விடுவாள், அடுத்த தடவை அவர் அதை மறைப்பார். அதே மாதிரி ஒரு கடை வாசலில் நின்று திரும்பிய இன்னொருவரிடம் சொன்னால், அந்த நேரத்தைத் தான் எப்படித் தாண்டினேன் என்று அவர் சொல்லித் தருவார். உங்களுக்கும் அப்படித்தான். சட்டைப் பையைத் துழாவுவது, வாயை மோந்து பார்ப்பது, அவருக்குக் காய்ச்சல் என்று ஆபீசுக்கு போன் போட்டுப் பொய் சொல்வது, அண்ணனிடம் வாங்கி அவர் கடனை அடைப்பது, இதையெல்லாம் பிள்ளைகளை எதிரில் வைத்துக்கொண்டு பேச முடியாது. இன்னொரு மனைவி தன் கதையாக அதையே சொல்லும்போது 'நான் மட்டும்தானா இப்படி' என்கிற எண்ணம் விலகும் பாருங்கள், குழுவில் கிடைக்கிற முதல் நன்மை அதுதான்.

இந்தக் குழுக்கள் உருவான கதையும் இதைத்தான் சொல்கிறது. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த பில் வில்சன் என்பவர், மறுபடி குடித்துவிடுவோமோ என்று பயந்து, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். கிடைத்தவர் டாக்டர் பாப் என்ற அறுவை சிகிச்சை நிபுணர். அவர்களிடமிருந்துதான் ஏ.ஏ. தொடங்கியது. கணவர்களோடு வந்த மனைவிகள் தங்களுக்குள் பேச ஆரம்பித்து, தங்களுக்கும் உதவி தேவை என்று உணர்ந்தார்கள். 1951இல் பில்லின் மனைவி லோயிஸ் முன்னின்று அல்-அனான் என்ற குடும்பத்தினர் குழுவை அமைத்தார். பெரியவர்களின் வட்டம் பிள்ளைகளுக்குப் பொருந்தவில்லை. 1957இல் கலிஃபோர்னியாவில் ஒரு பதின்வயதுப் பையன் தன் வயதுக்காரர்களைச் சேர்த்து அலட்டீன் என்ற குழுவைத் தொடங்கினான். ஒரே நோய்தான், ஆனால் அது ஒவ்வொருவரையும் வேறு இடத்தில் அடிக்கிறது. அதனால்தான் இத்தனை குழு. நம் சென்னையில் சாந்தி ரங்கநாதன், குடியால் கணவரை இழந்த பிறகு, 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்திலும் குடும்பத்தினருக்கான சிகிச்சை உண்டு.

ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். ஏ.ஏ.வும் அல்-அனானும் கவுன்சலிங் அல்ல. அங்கே கவுன்சலர் கிடையாது, கட்டணம் கிடையாது, முதல் பெயர் மட்டும் சொன்னால் போதும், பாதிக்கப்பட்டவர்களே நடத்துகிறார்கள். மையத்தில் நடக்கும் குழு ஆலோசனை வேறு. அதைப் பயிற்சி பெற்ற கவுன்சலர் நடத்துவார், பொதுவாக ஆறிலிருந்து பத்துப் பேர்தான், சேர்ப்பதற்கு முன் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுவார்கள். அப்படித் தனியாகப் பேசாமல் வந்தவரையெல்லாம் உட்காரவைக்கும் இடமாக இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

மாமியாரின் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன், திருச்சி மாதிரி ஊரில் அது நியாயமான பயம். இங்கே பேசியது வெளியே போகக்கூடாது என்பது எல்லாக் குழுவிலும் முதல் விதி. சிகிச்சை தரும் மருத்துவத் துறையினர் ரகசியம் காக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. ஆனால் பக்கத்து நாற்காலியில் இருக்கும் அம்மாவைச் சட்டம் அப்படிக் கட்டிப்போடாது, அவருடைய நல்ல மனதைத்தான் நம்ப வேண்டும். அதனால் உங்கள் ஏரியாவை விட்டுக் கொஞ்சம் தள்ளியுள்ள குழுவாகப் பாருங்கள், தெருப் பெயர், ஆபீஸ் பெயர் சொல்லாதீர்கள், முதல் இரண்டு மூன்று வாரம் கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள். பேசாமல் இருக்க யாருக்கும் உரிமை உண்டு. அப்புறம், உயிருக்கு ஆபத்து என்றாலோ, குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது என்று தெரிந்தாலோ கவுன்சலர் அதை மறைக்க மாட்டார், மறைக்கவும் கூடாது. பாலியல் கொடுமையை, குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். இதையும் முன்பே தெரிந்துகொண்டு போங்கள்.

மகளை வற்புறுத்தாதீர்கள். பதினாறு வயதில் பெரியவர்கள் கேட்டால் 'ஒன்றுமில்லை' என்றுதான் பதில் வரும். 'என் ஃபிரண்ட்ஸை வீட்டுக்குக் கூப்பிடவே முடியாது' என்று இன்னொரு பெண் சொல்லும்போது அவளுக்கு வாய் திறக்கும், அன்றைக்கே திறக்க வேண்டும் என்றும் இல்லை. திரும்பி வந்ததும் 'என்ன பேசினீர்கள்?' என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அலட்டீன் பக்கத்தில் இல்லையென்றால் பதின்வயதினர் குழு உண்டா என்று மையத்திலேயே கேளுங்கள். முரட்டுத்தனம், திருட்டு என்று வந்த பிள்ளைகளை மொத்தமாகப் போட்டு வைத்திருக்கும் குழுவில் மட்டும் சேர்க்காதீர்கள். அப்படிப்பட்ட குழுக்களில் சரியான வழிநடத்தல் இல்லாவிட்டால் ஒருவரைப் பார்த்து ஒருவர் இன்னும் கெட்டுப்போவதை ஆய்வுகளே காட்டியிருக்கின்றன.

மகனை முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். நிறுத்திய பழக்கம் திரும்பி வந்தால் சிறுநீர்த் தொற்று, சர்க்கரை போன்றவை இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் மனசைப் பற்றிப் பேச வேண்டும். ஒன்பது வயதுக்காரனை வட்டத்தில் உட்காரவைத்து 'உன் பிரச்சினையைச் சொல்' என்றால் ஒன்றும் வராது. அவன் வயதில் நாலைந்து பிள்ளைகள், முக்கால் மணி நேரம், படம் வரைதல், பொம்மை வைத்து விளையாடுதல், அதற்குள்தான் அவன் பேச்சு வரும். அப்பா குடித்தது அவனால் அல்ல, அதை நிறுத்துவது அவன் வேலையும் அல்ல. இதை அவனிடம் யாராவது தெளிவாகச் சொல்ல வேண்டும், குழு வரைக்கும் காத்திருக்காமல் நீங்களே இன்று ராத்திரி சொல்லலாம். எத்தனை பிள்ளைகள் தாங்கள் மார்க் குறைவாக வாங்கியதால்தான் அப்பா குடிக்கிறார் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள் தெரியுமா?

மாமியார் கத்துவது உங்கள்மேல் உள்ள கோபத்தால் மட்டும் இருக்காது. பிள்ளையைச் சரியாக வளர்க்கவில்லையோ என்ற கேள்வியை அவர் தனியாகச் சுமந்துகொண்டிருக்கலாம். அவரிடம் கவுன்சலிங் என்ற வார்த்தையே வேண்டாம், இதே மாதிரி மகனைப் பெற்ற நாலு அம்மாக்கள் பேசிக்கொள்கிற இடம் என்று சொல்லுங்கள். நீங்கள் போகும் நாளில் அவர் வர வேண்டாம். மாமியாரும் மருமகளும் ஒரே வட்டத்தில் இருந்தால் இரண்டு பேருமே உண்மையைச் சொல்ல மாட்டீர்கள்.

கடிதத்தில் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள், நான் கடக்க மாட்டேன். கணவர் அடித்தார் என்பதைக் குழுவுக்கு முன்பாகவே கவுன்சலரிடம் தனியாகச் சொல்லுங்கள். அடி இருக்கும் வரை கணவன் மனைவியை ஒன்றாக உட்காரவைத்துச் செய்யும் கவுன்சலிங் வேண்டாம், அங்கே சொன்ன உண்மைக்கு வீட்டில் தண்டனை கிடைக்கும் ஆபத்து இருக்கிறது. மறுபடி கை ஓங்கினால் பெண்கள் உதவி எண் 181க்குக் கூப்பிடுங்கள், குடிநோய் ஒரு நோய் என்பதற்காக அடியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லக் கூடாது.

தூக்கமில்லாததையும் சும்மா விடாதீர்கள். சாகத் தோன்றுகிறது என்ற நிலை இருந்தால் குழு போதாது, முதலில் மருத்துவர். டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசுவார்கள். அந்த அளவுக்கு இல்லாத சோர்வு என்றால் குழுவே நல்ல மருந்தாக இருக்கும். உகாண்டாவில் முப்பது கிராமங்களில் செய்து 2003இல் வெளியான ஒரு ஆய்வில், மனச்சோர்வில் இருந்தவர்கள், ஆண்கள் தனியாகவும் பெண்கள் தனியாகவும், பதினாறு வாரம், வாரம் ஒன்றரை மணி நேரம் சந்தித்தார்கள். நடத்தியவர்கள் டாக்டர்கள் அல்ல, குறுகிய காலப் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். குழுவில் இருந்தவர்களுக்குச் சோர்வு நன்றாகவே குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் 2016இல் இந்த முறைக்கு ஒரு கையேடே வெளியிட்டது.

எல்லோரையும் ஒரே வாரத்தில் அனுப்ப முயலாதீர்கள், வீடு தாங்காது. முதலில் நீங்களும் கணவரும் தொடங்குங்கள், பிள்ளைகள் அடுத்த மாதம். அவர் குடிக்காமல், கை நீட்டாமல் சில மாதம் போனபின், கவுன்சலர் சரி என்றால் ஐந்து பேரும் சேர்ந்து ஒருநாள் உட்காரலாம். அன்றைக்கு மகள் வர மறுத்தால் விட்டுவிடுங்கள், நாலு பேரோடு தொடங்கலாம்.