ராத்திரியில ஜன்னி வந்தா என்ன பண்றது? டாக்டர் பதில்கள்

கேள்வி: என் பையனுக்கு ஒன்றரை வயசு. போன வாரம் சாயங்காலம் லேசா மூக்கு ஒழுகிட்டு இருந்தான், அவ்வளவுதான். ராத்திரி பக்கத்துல தூங்கிட்டு இருந்தவன் திடீர்னு உடம்பு விறைச்சு, கண்ணு மேல சொருகி, கை கால் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பிச்சிடுச்சு. தொட்டா அனலா கொதிக்குது, உதடு நீலமாயிடுச்சு, கூப்பிட்டா பேச்சு மூச்சு இல்ல. எனக்கு கை காலே ஓடல. பல்லு கிட்டிடுமோன்னு வீட்டுக்காரர் வாயில ஸ்பூனை விட்டார். ரெண்டு மூணு நிமிஷத்துல அதுவா நின்னுடுச்சு. ஆஸ்பத்திரியில பாத்துட்டு காய்ச்சல்ல வர்ற வலிப்புதான்னு சொல்லி அனுப்பிட்டாங்க. நேரத்துக்கு மருந்து குடுத்திருந்தா இது வந்திருக்காதுன்னு வீட்டுல எல்லாரும் என்னையே சொல்றாங்க. அன்னிலேர்ந்து தூக்கமே இல்ல டாக்டர், அவன் மூச்சையே பாத்துட்டு உக்காந்திருக்கேன். மறுபடி வருமா? மூளை பாதிக்குமா?

பதில்: முதல்ல அந்த பழியை இறக்கி வைங்கம்மா, மத்ததெல்லாம் அப்புறம். காய்ச்சல் மருந்து அடுத்தடுத்த காய்ச்சல்ல வலிப்பு வராம தடுக்கும்னு இதுவரைக்கும் நிரூபணம் ஆகல, மணி பாத்து மருந்து குடுத்த வீட்டுலயும் வருது. நிறைய குழந்தைகளுக்கு காய்ச்சல் இருக்குன்னு வீட்டுல தெரியறதே வலிப்பு வந்ததுக்கு அப்புறம்தான், உங்க பையனுக்கும் அப்படித்தான் ஆகியிருக்கு. இதை உங்க வீட்டுல இருக்கறவங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க. 6 மாசத்துலேர்ந்து 5 வயசு வரைக்கும், நூத்துல 2லேர்ந்து 5 குழந்தைகளுக்கு இது வருது. அந்த வயசு மூளை காய்ச்சலை தாங்கற விதம் அப்படி, சில குடும்பத்துல வழிவழியாவும் வரும்.

மூளை பாதிக்குமான்னு கேட்டீங்க. உங்க பையனுக்கு வந்த மாதிரி கொஞ்ச நேரம் உடம்பு முழுக்க இழுத்துட்டு தானா நின்னு போற வலிப்பு மூளையை கெடுக்காது, படிப்பையும் கெடுக்காது. இப்படி ஒரு தடவை வந்துட்டு குழந்தை நல்லா தெளிஞ்சுட்டா ஸ்கேன், இஇஜி (மூளையோட மின் அலையை பாக்கற டெஸ்ட்) எல்லாம் வழக்கமா எடுக்க வேண்டியதில்லைன்னு அமெரிக்க குழந்தைநல மருத்துவர் அகாடமி 2011லயே வழிகாட்டுதல் குடுத்திருக்கு. அதனால டெஸ்ட் எதுவும் எடுக்காம அனுப்பிட்டாங்களேன்னு மனசுல வெச்சுக்காதீங்க.

மறுபடி வருமான்னா, வரலாம். மூணுல ஒரு குழந்தைக்கு இன்னொரு காய்ச்சல்ல திரும்ப வருது, முதல் தடவை சின்ன வயசுலயே வந்திருந்தா வாய்ப்பு கொஞ்சம் கூட. அதனால வந்தா என்ன பண்றதுன்னு நீங்களும் வீட்டுக்காரரும் இப்பவே பேசி வெச்சுக்கங்க, அந்த நேரத்துல யோசனை ஓடாது. பண்ண வேண்டியது ரொம்ப கம்மிதான். கட்டில்ல இருந்தா கீழ சமமான இடத்துல ஒருக்களிச்சு படுக்க வைங்க, வாயில இருக்கற எச்சில், நுரை, வாந்தி தானா வெளிய வடியும், மூச்சுக்குழாய்க்கு போகாது. கழுத்துல இறுக்கமா எதாவது இருந்தா தளர்த்துங்க. உடனே கடிகாரத்தை பாருங்க. இது ரொம்ப முக்கியம், ஏன்னா பயத்துல ஒரு நிமிஷம் பத்து நிமிஷமா தெரியும், டாக்டர் முதல்ல கேக்கப் போறதும் எவ்வளவு நேரம் இழுத்ததுன்னுதான். ஒருத்தர் குழந்தை கூட இருந்தா இன்னொருத்தர் ஃபோன்ல வீடியோ எடுக்கட்டும், ஒரு பக்கம் மட்டும் இழுத்ததா ரெண்டு பக்கமுமான்னு வாயால சொல்றதை விட அதுல தெளிவா தெரியும்.

வாயில எதுவும் விடக்கூடாது, ஸ்பூன் வேண்டாம், விரல் வேண்டாம், தண்ணி வேண்டாம், சிரப் வேண்டாம். நாக்கை முழுங்கிடுவான்னு நினைக்கிறது தப்பு, நாக்கை யாராலயும் முழுங்க முடியாது. ஸ்பூனால பல்லு உடைஞ்சு உள்ள போனா அதுதான் ஆபத்து. கை காலை அமுக்கிப் பிடிக்காதீங்க, குலுக்காதீங்க, பச்சைத்தண்ணியை ஊத்தாதீங்க. உதடு நீலமானது மூச்சு விடற தசையும் சேர்ந்து விறைச்சதால, இழுப்பு நின்னதும் நிறம் திரும்பிடும்.

5 நிமிஷம் தாண்டியும் நிக்கலைன்னா ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க, தானா நிக்கும்னு அதுக்கு மேல காத்திருக்க வேண்டாம். நின்ன பிறகும் மூச்சு விட கஷ்டப்பட்டா, நிறம் திரும்பலைன்னா, கொஞ்ச நேரத்துல மறுபடி இழுத்தா, ஒரு மணி நேரம் ஆகியும் தெளிவு வரலைன்னா, கழுத்து விறைச்சா, அமுக்கினாலும் மறையாத புள்ளி புள்ளியா தடிப்பு வந்தா, அதெல்லாமும் அவசரம்தான். நீங்க முதல் தடவைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடினது ரொம்ப சரி, முதல் வலிப்பை கண்டிப்பா டாக்டர் பாக்கணும். அடுத்த விசிட்ல, 5 நிமிஷத்துக்கு மேல போனா வலிப்பை நிறுத்த மூக்குல அடிக்கிற மிடாசோலம் ஸ்ப்ரே வீட்டுல வெச்சுக்கணுமான்னு கேளுங்க, எல்லா குழந்தைக்கும் தேவைப்படாது.

பாராசிட்டமால் குடுக்கறது குழந்தையோட அசதி, வலி குறையத்தான். கிலோவுக்கு 10லேர்ந்து 15 மில்லிகிராம், தடவைக்கு தடவை 4லேர்ந்து 6 மணி நேர இடைவெளி வேணும். 5 மில்லில 120 மில்லிகிராம் இருக்கற பாட்டிலும் இருக்கு, 250 இருக்கறதும் இருக்கு, ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், தூக்கக் கலக்கத்துல மாறிப்போனா டோஸ் ரெட்டிப்பாயிடும். அதனால லேபிளை பகல்லயே படிச்சு, இவன் எடைக்கு எத்தனை மில்லின்னு பாட்டில் மேல பெரிசா எழுதி ஒட்டிடுங்க.

ராத்திரி முழுக்க முழிச்சிருக்காதீங்கம்மா. நீங்களும் அவரும் முறை வெச்சு தூங்குங்க, காய்ச்சல் இல்லாத நாள்ல அந்த காவலும் வேண்டாம்.

கேள்வி: ரெண்டு வயசு பொண்ணு ராத்திரி எந்திரிச்சு நாய் குரைக்கிற மாதிரி இருமுறா, மூச்சை இழுக்கும்போது கர்ர்னு சத்தம் வருது. காலையில நல்லாதான் இருக்கா. விடியற வரைக்கும் காத்திருக்கலாமா?

பதில்: நீங்க சொல்ற அந்த இருமலுக்கு குரூப்னு பேரு, பெரும்பாலும் வைரஸ்தான், குரல்வளை வீங்கறதால வருது, ராத்திரியில அதிகமாகும். அழுதா மூச்சு இன்னும் இறுகும், அதனால மடியில நிமிர்ந்து உக்கார வெச்சு சமாதானப்படுத்துங்க, வாயைத் திறந்து தொண்டையை பாக்காதீங்க. அமைதியா இருக்கும்போது சத்தம் இல்லைன்னா காலையில காட்டலாம், டாக்டர் குடுக்கற டெக்ஸாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டு மருந்து ஒரே டோஸ்லயே பெரும்பாலும் சரியாயிடும். சும்மா இருக்கும்போதும் அந்த சத்தம் கேட்டா, நெஞ்சு உள்ள குழிஞ்சா, முழுங்க முடியாம எச்சில் வழிஞ்சா, நிறம் மாறினா விடியற வரைக்கும் காத்திருக்காதீங்க. உடனே ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க, அது வர்ற வரைக்கும் படுக்க வைக்காம, அவளுக்கு எப்படி உக்காந்தா மூச்சு விட வசதியோ அப்படியே இருக்க விடுங்க.