குளிசையோடு கீமோ ஊசி எதற்கு?

நுரையீரல் புற்றுநோயுள்ள உங்கள் அப்பாவுக்கு ஜெஃபிட்டினிப் குளிசையோடு கீமோ ஊசியையும் சேர்த்துக் கொடுப்பதால், நோய் கைமீறியதை வைத்தியர்கள் உங்களிடம் மறைக்கிறார்கள் என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயம் தேவையற்றது.

நுரையீரல் புற்றுநோய் ஒரே கலத்தில் தொடங்கினாலும், பெருகப் பெருக அதன் ஒவ்வொரு கிளையும் வெவ்வேறு மரபணு மாற்றங்களைச் சேர்த்துக்கொள்கிறது. குளிசை அவற்றுள் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் நேர்ந்த மாற்றத்தைக் குறிவைக்கிறது. அதற்கு அடங்கும் கலங்கள் அழியும்போது அடங்காதவை மிஞ்சிப் பெருகும். போகத்துக்குப் போகம் ஒரே களைநாசினி அடித்த வயலில், அதற்குச் சாகாத புல் மட்டும் மூடி வளர்வதைப் புதுக்குடியிருப்பில் நீங்களே பார்த்திருப்பீர்கள். இவ்வகைக் குளிசைக்கு நோய் அடங்காமல் போனவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் டி790எம் என்ற புதிய மாற்றம் காணப்படுகிறது. கீமோ வேறு வழியில் தாக்குவதால், குளிசைக்குத் தப்பும் கலங்களையும் தொடக்கத்திலேயே குறைக்கிறது. மும்பை டாட்டா நினைவு வைத்தியசாலையின் ஆய்வு 2019இல் வெளிவந்தது. குளிசை மட்டும் எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு நோய் 8 மாதங்களுக்கு மேல் கட்டுப்பட்டிருக்க, அதோடு பெமெட்ரெக்ஸெட், கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்துகளையும் சேர்த்துப் பெற்றவர்களில் பாதிப் பேருக்கு அது 16 மாதங்களைத் தாண்டியது. பரவிய நோயை இது முற்றாகக் குணமாக்காது; கடுமையான பக்கவிளைவுகளும் கூடும்.

நீங்கள் அஞ்சுவதுபோல், சோதனைக்காகச் சிறு சதைத்துண்டை எடுத்த பயொப்சியால் நோய் பரவவில்லை. அது பரவியிருந்தது முந்திய ஸ்கானிலேயே தெரிந்ததாக நீங்களே எழுதியுள்ளீர்கள். ஒரே கோப்பையில் தேநீர் குடிப்பதால் பிள்ளைகளுக்கு இது தொற்றாது.

என்னைக் கலங்க வைத்தது, ஊசி ஏற்றிய பத்தாம் நாள் காய்ச்சல் வந்தபோது பனடோல் கொடுத்து விடியும்வரை பார்த்திருந்தோம் என்ற வரிதான். இனி ஒருபோதும் அப்படிச் செய்யாதீர்கள். கீமோவுக்குப் பின் ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில் வெண்குருதிக் கலங்கள் பெரும்பாலும் மிகத் தாழ்ந்திருக்கும். அந்நாட்களில் 38 பாகை செல்சியஸ் காய்ச்சலோ குளிர் நடுக்கமோ கண்டால், அது சில மணித்தியாலங்களில் உயிரைப் பறிக்கக்கூடிய கிருமித்தொற்றாக இருக்கலாம். பனடோல் காய்ச்சலை மறைக்குமே தவிரக் கிருமியைத் தொடாது. தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கே போக வேண்டும் என்று வாகனம் தேடி நேரத்தை இழக்காமல், நள்ளிரவானாலும் அருகிலுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், கீமோ ஏற்றிய திகதியை முதல் வார்த்தையாகச் சொல்லி, கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள். நுண்ணுயிர்க்கொல்லி ஊசி ஒரு மணித்தியாலத்துக்குள் ஏற வேண்டும். வீட்டில் வெப்பமானி இல்லையென்றால் இன்றே வாங்குங்கள்.

யூடியூப்பைப் பார்த்துக் கொடுக்கும் அன்னமுன்னா இலைக் கசாயத்தை உடனே நிறுத்துங்கள். ஜெஃபிட்டினிப்பை உடைத்து வெளியேற்றுவது ஈரல். அங்கே அளவறியாத கசாயம் என்ன செய்யும் என்று எந்த வைத்தியராலும் கணிக்க முடியாது. அதைவிடக் கவலை தருவது, "வெறும் விற்றமின்தானே" என்று ஃபோலிக் அமிலக் குளிசையை நீங்களாகவே நிறுத்தியது. பெமெட்ரெக்ஸெட்டின் நஞ்சிலிருந்து அப்பாவின் குருதியைக் காக்க உதவுவது அந்தச் சிறு குளிசை. இன்றே அதை மீண்டும் கொடுக்கத் தொடங்கி, விடுபட்ட நாட்களை அடுத்த ஊசிக்கு முன்பே கிளினிக்கில் ஒளிக்காமல் சொல்லுங்கள்.