நீச்சல் குளத்தில் கடினத் தண்ணீர்: கேள்வி பதில்

கேள்வி: சார், வீட்டுக் குளத்துல கால்சியம் கடினத்தன்மை 800 பிபிஎம் (பத்து லட்சத்தில் 800 பங்கு) காட்டுது. என்ன கெமிக்கல் போட்டா இறங்கும்?

பதில்: ஊற்றிவிட்டு மறுநாள் இறங்கியிருக்கும் என்று நம்பக்கூடிய மருந்து எதுவும் இல்லை. தண்ணீரை மாற்றுவதுதான் வழி. பாதியை வெளியேற்றி 200 பிபிஎம் தண்ணீர் நிரப்பினால் 500க்கு வரும். மறுபடி பாதி மாற்றினால் 350. சிமெண்ட் பூச்சுக் குளத்துக்கு 200 முதல் 400 வரை நல்லது. ஒரேயடியாகக் காலி செய்துவிடாதீர்கள். நிலத்தடி நீர் மேலே இருந்தால் வெறும் தொட்டியையே தூக்கிவிடும்.

கேள்வி: சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) போட்டா கால்சியம் கீழே படிஞ்சிடும்னு சொல்றாங்களே?

பதில்: படியும், பொய்யில்லை. பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) நன்றாக ஏறும்போது கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து, குளமே பால் மாதிரி வெளுத்துவிடும். அது அடியில் தங்கியதும் வேக்யூம் செய்து, ஃபில்டருக்குள் விடாமல் நேராக வெளியே தள்ள வேண்டும். பிறகுதான் ஆசிட் விட்டு பிஎச்சை இறக்கணும். படிவு உள்ளே இருக்கும்போதே ஆசிட் விட்டால் அத்தனையும் திரும்பக் கரைந்துவிடும், பட்ட பாடு வீண். தண்ணீர் கிடைப்பதே கஷ்டம் என்றால் ஒழிய நான் இதைச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: அப்போ ஸ்கேல் இன்ஹிபிட்டர் (படிவைத் தடுக்கும் மருந்து) போட்டா?

பதில்: கடினத்தன்மை அளவு குறையாது. கால்சியத்தைச் சுவரில் ஒட்டவிடாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். குளோரின் அதை மெல்லச் சிதைப்பதால் அவ்வப்போது விட்டுக்கொண்டே இருக்கணும்.

கேள்வி: ஆசிட் விட்டா வெள்ளைக் கறை போகுதே, கடினமும் குறையுதுதானே?

பதில்: இல்லைங்க. கறையில் இருந்த கால்சியம் தண்ணீருக்குள் போகிறது. ஆனால் தண்ணீரை உடனே மாற்ற முடியாதவர்களுக்கு ஆசிட்தான் கைகொடுக்கும். பிஎச் 7.2 முதல் 7.4, காரத்தன்மை 60 முதல் 80 பிபிஎம் என்று வைத்துக்கொண்டால் கடினம் கூடுதலாக இருந்தாலும் படிவு சுலபத்தில் வராது. ஹீட்டர் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும், சூட்டில்தான் கால்சியம் கார்பனேட் முதலில் படியும். ஆசிட்டையும் குளோரினையும் ஒருபோதும் கலக்காதீர்கள், விஷவாயு வரும்.

கேள்வி: தண்ணி மாத்தியும் திரும்ப ஏறுதே சார்?

பதில்: என்ன குளோரின் போடுகிறீர்கள்? கால்சியம் ஹைப்போகுளோரைட் என்றால் 10 பிபிஎம் குளோரினுக்குச் சுமார் 7 பிபிஎம் கடினம் கூடவே வரும். திரவமாக வரும் சோடியம் ஹைப்போவுக்கு மாறுங்கள். ஆவியாவதும் ஒரு காரணம்: நீர் மட்டும் போகும், கால்சியம் தங்கும். அதை ஈடுகட்ட ஊற்றும் தண்ணீரைச் சாஃப்ட்னர் (கால்சியத்தை நீக்கும் கருவி) வழியாக விடலாம். மொத்தக் குளத்தையும் அதில் நிரப்பாதீர்கள், கால்சியம் இல்லாத தண்ணீர் சிமெண்ட் பூச்சை அரித்துவிடும்.